டயர் மேல் விழும் பழி

சின்ன காஞ்சிபுரத்தில் லோடு வண்டி வைத்திருக்கும் யாரிடமாவது, "ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டி உதறுதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "வீல் பேலன்சிங் போட்டுடு." போட்டும் அடங்கவில்லையா? அலைன்மென்ட் பாரு. அதற்கும் அடங்கவில்லையா? பின் டயர் ரெண்டையும் மாத்து. அதற்குப் பிறகும் உதறினால் கடைசித் தீர்ப்பு தயாராக இருக்கும்: "லோடு வண்டின்னா அப்படித்தான். நாலு மூட்டை ஏத்தினா தானா நின்னுடும், ஓட்டு." ஓட்டுநரும் இதையே சொல்கிறார், உரிமையாளரும் இதையே சொல்கிறார். விஷயம் தெரிந்த சில மெக்கானிக்குகளும், எதற்கு வம்பு என்று, இதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தப் பதில் தவறு. செலவு வைக்கிற தவறு, சில நேரம் உயிருக்கே உலை வைக்கிற தவறு.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறைக்காமல் வைத்துவிடுகிறேன். ஒன்று, சாலையைத் தொடுவது டயர்தான். குழியில் இறங்கி ரிம் வளைகிறது, ரிம்மில் அடித்த ஈயக்கட்டை தெறித்து விழுகிறது. அதனால் அதிர்வு வருவது அன்றாட விஷயம். இரண்டு, பேலன்சிங் செலவு குறைவு. குறைந்த செலவில் முடிவதை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம். மூன்று, சின்ன எஞ்சினுக்கு இயல்பாகவே ஆட்டம் உண்டு. 2005-ல் வந்த டாடா ஏஸில், அதாவது நம்ம குட்டியானையில், இருந்தது 2 சிலிண்டர் டீசல் எஞ்சின். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்தில் 3 சிலிண்டர். இவை காரைப் போல வழுக்கிக்கொண்டு ஓடும் என்று எதிர்பார்ப்பது அறியாமை.

மூன்றுமே உண்மை. ஆனால் மூன்றில் ஒன்றுகூட நம் கேள்விக்குப் பதில் இல்லை. ஏன் என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. கால் எங்கே இருக்கிறது என்று டயருக்குத் தெரியுமா?

புகாரை மறுபடி படியுங்கள். "வண்டி உதறுது" என்று யாரும் சொல்லவில்லை. "மிதிச்சா உதறுது" என்கிறார்கள். காலை எடுத்தால் நிற்கிறது, மறுபடி மிதித்தால் மறுபடி வருகிறது. நோயின் பாதி விவரம் அந்த "மிதிச்சா"வில் இருக்கிறது. பதில் சொல்பவர்கள் முதலில் தூக்கி எறிவதும் அதைத்தான்.

எடை சரியில்லாத சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆடினால், மிதித்தாலும் ஆடும், மிதிக்காவிட்டாலும் ஆடும். சக்கரம் சுற்றுவது வேகத்தை மட்டும் பொறுத்தது. காலை எடுத்த அந்த நொடியில் வேகம் 60-லிருந்து 59-க்குக்கூட இறங்கியிருக்காது, ஆனால் அதிர்வு நின்றுவிட்டது. அப்படியானால் அந்த நொடியில் மாறியது என்ன? வேகம் மாறவில்லை, சாலை மாறவில்லை, டயர் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை. ஆகவே குற்றவாளி அந்த விசை போகும் பாதையில்தான் ஒளிந்திருக்கிறான். எஞ்சின், எஞ்சின் மவுண்டிங், கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் முனைகளில் இருக்கும் கிராஸ்கள் (யுனிவர்சல் ஜாயின்ட்), சென்டர் பேரிங், கிரவுன் பினியன், பின் அச்சு ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் யூ போல்ட், இதுதான் அந்தப் பாதை.

நம் ஊர் நெசவாளி இந்தத் தர்க்கத்தைத் தினமும் கையாள்கிறார். புடவையில் நீளவாக்கில் கோடு விழுந்தால் அச்சுப் பல்லையும் பாவு இழையையும் பார்ப்பார். குறுக்கே விழுந்தால் ஊடையையும் அடி விழுந்த விதத்தையும் பார்ப்பார். கோடு போகும் திசையே பழுது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. எந்தக் கோடு விழுந்தாலும் நாடாவை மாற்று என்று சொல்பவரை யாரும் தறிப் பக்கம் சேர்க்க மாட்டார்கள். வண்டி விஷயத்தில் மட்டும் அவருக்கு ஏன் மேஸ்திரி பதவி?

2. 25 கிலோமீட்டர் வேகத்தில் பேலன்சிங் என்ன செய்யும்?

எடைக் கோளாறால் வரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 30-ல் இருக்கும் விசை 60-ல் நான்கு மடங்கு, 90-ல் ஒன்பது மடங்கு. அதனால்தான் பேலன்சிங் கோளாறு பொன்னேரிக்கரை தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகு தலைகாட்டுகிறது. ஊருக்குள் அதைத் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் நம் ஓட்டுநர்கள் சொல்லும் உதறல் எங்கே வருகிறது? சிக்னலில் நின்று கிளம்பும்போது. பாரத்தோடு பாலம் ஏறும்போது. செகண்ட் கியரில் 20, 25-ல் அழுத்தும்போது. அந்த வேகத்தில் சக்கரத்தின் எடைக் கோளாறு ஒரு வண்டியையே ஆட்டிவிடும் என்று நம்புவதற்குத் துணிச்சல் வேண்டும். அதே சமயம் அந்த நேரத்தில்தான் முறுக்கு விசை உச்சத்தில் இருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் அந்த விசையில் நெளிகின்றன, ஹவுசிங்கின் மூக்கு மேல்நோக்கித் தூக்குகிறது, ஷாஃப்ட் வேலை செய்யும் கோணம் மாறுகிறது. யூ போல்ட் தளர்ந்திருந்தால் இந்தத் தூக்கல் இன்னும் கூடும். கிளம்பும்போது வரும் உதறலுக்கு டயரைவிட இது நேரான விளக்கம்.

3. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் டயரைக் குற்றம் சொல்வார்களா?

சுமார் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 455 சுற்று, நொடிக்கு ஏழரைச் சுற்று. கிரவுன் பினியன் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,800 சுற்று, நொடிக்கு 30. கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உதைக்கும் என்பதால் அதன் துடிப்பு நொடிக்கு 60.

இந்த மூன்று எண்களும் உடம்புக்கு மூன்று விதமாகத் தெரியும். நொடிக்கு ஏழு, எட்டு என்பது கையால் எண்ணிவிடலாம் போன்ற ஆட்டம். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கில் தெரியும், பின் சக்கரம் என்றால் இருக்கை மெல்லக் குலுங்கும். நொடிக்கு 30 என்பது எண்ண முடியாத நடுக்கம். பாதத்தின் அடியில் தரைத் தகடு கூசும், கியர் லீவர் நடுங்கும். நொடிக்கு 60 என்பது பாதி அதிர்வு, பாதி உறுமல். காதும் முதுகும் சேர்ந்து உணரும். "எப்படி உதறுது? தடதடன்னா, கிர்ருன்னா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், டயர் குற்றவாளியா சாட்சியா என்பது பாதி தெரிந்துவிடும். அந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்கிறார்கள்?

4. பாரம் ஏற்றினால் நின்றுவிடுகிறதா? அதுதானே வாக்குமூலம்!

எதிர்த்தரப்பு இதைத் தன் பக்கத்துச் சாட்சியாகக் கொண்டுவருகிறது. குறுக்கு விசாரணையில் அது நம் பக்கம் பேசும்.

கிராஸ் இணைப்பு நேர்கோட்டில் சுற்றும்போது சாது. கோணத்தில் சுற்றும்போது அதற்கு ஒரு குணம் உண்டு: உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பின்தங்கும். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் கார்டானோ, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக் ஆகியோரின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த இணைப்பின் கணக்கு பழையது, சந்தேகத்துக்கு இடமில்லாதது. நிமிடத்துக்கு 1,800 சுற்றில் 3 டிகிரி கோணம் என்றால் வேகம் 1,798-க்கும் 1,802-க்கும் இடையில் ஊசலாடும். யாருக்கும் தெரியாது. அதே கோணம் 10 டிகிரி ஆனால் 1,773-க்கும் 1,828-க்கும் இடையில் ஊசலாடும். அதை நொடிக்கு 60 முறை செய்தால் வண்டி உதறாமல் என்ன செய்யும்?

இந்தக் குணத்தை அடக்க வழியும் அதே இணைப்பில் இருக்கிறது. ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் வைத்து, இரண்டு கோணத்தையும் சமமாக்கினால், ஒன்று செய்யும் குறும்பை மற்றொன்று அழித்துவிடும். வண்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது அப்படித்தான் வருகிறது. பிறகு நாம் என்ன செய்கிறோம்? வாங்கிய கையோடு பட்டறையில் விட்டு, "இன்னும் ரெண்டு பட்டை ஏத்திடு" என்கிறோம். செங்கல், அரிசி மூட்டை, பந்தல் சாமான் எல்லாம் அளவுக்கு மேல் ஏற்றத்தானே? பட்டை கூடியதும் வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. ஹவுசிங் முனையின் கோணம் மாறுகிறது, கியர்பாக்ஸ் முனையின் கோணம் அதற்கு ஈடாக மாறுவதில்லை. சமன் போயிற்று. காலி வண்டியில் உதறுகிறது. பாரம் ஏற்றினால் பட்டை தாழ்ந்து கோணம் பழைய இடத்துக்கு வருகிறது, உதறல் அடங்குகிறது.

ஆக, "லோடு ஏத்தினா நின்னுடும்" என்பது கோணம் கெட்டிருக்கிறது என்பதற்கான ஆதாரம். வண்டி தன் நோயைத் தானே சொல்கிறது, நாம் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்கிறோம். ஏற்றிய பட்டையைக் கழற்றலாம். கழற்ற மனமில்லை என்றால் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே சரிவான தகடு வைத்துக் கோணத்தைத் திருத்தலாம். இரண்டும் தெரியாத பட்டறை பட்டையே ஏற்றியிருக்கக் கூடாது.

5. "கிராஸையும் மாத்திப் பாத்தாச்சு" என்பது வாதமா?

இது எதிர்த்தரப்பின் கடைசி ஆயுதம். "நீ சொல்ற கிராஸையும் மாத்தினோம், அப்பவும் உதறுது. அப்ப டயர்தானே?" இல்லை. கிராஸை எப்படி மாற்றினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் ஒன்றின் குறும்பை மற்றொன்று அழிக்கும். நடுவில் பல் வைத்துச் சறுக்கும் பாகத்தைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அந்த ஒழுங்கு போய்விடும். இதற்காகத்தான் பல ஷாஃப்டுகளில் அம்புக்குறி அடித்தே வருகிறது. குறி இல்லாவிட்டால் கழற்றும் முன் சாக்பீஸாலோ பெயின்டாலோ ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் கழற்றி, கைக்கு வந்தபடி மாட்டிவிட்டு, புது கிராஸ் மேல் சந்தேகப்படுவது அநியாயம். கிராஸின் பழைய பேரிங் கப்பைச் சுத்தியலால் அடித்து எடுக்கும்போது கவை விரிவதும், ஷாஃப்ட் குழாயில் ஒட்டியிருக்கும் சிறு எடைத் தகடு உடைந்து விழுவதும் இதே கணக்கில் சேரும். பாகம் மாறியது, பழுதும் புதிதாக ஒன்று சேர்ந்தது. இதை வைத்து டயரைத் தண்டிக்க முடியாது.

6. மலிவு என்கிறீர்களே, யாருக்கு மலிவு?

ஒரு பேலன்சிங் மலிவுதான். ஆனால் நடப்பது ஒன்றோடு நிற்பதில்லை. பேலன்சிங், பிறகு அலைன்மென்ட், பிறகு டயர், நடுவில் வண்டி நின்ற நாட்களின் வாடகை. நான்கு டயரின் விலையில் கிராஸ் ஒரு சிறு பங்கு. எஞ்சின் மவுண்டிங்கும் அப்படித்தான். மேலும், அலைன்மென்ட் என்பது இந்த வண்டிகளில் பெரும்பாலும் முன் சக்கரங்களின் திசையைத் திருத்தும் வேலை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் செய்யலாம், டயர் ஓரம் தேய்ந்தால் செய்யலாம். பின் சக்கரத்துக்குப் போகும் விசையில் வரும் உதறலுக்கு அதைச் செய்வது பணத்துக்குப் பிடித்த கேடு.

இந்தப் பழக்கம் ஏன் சாகாமல் இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். பேலன்சிங் மெஷினில் எண் ஒளிர்கிறது, எடை அடித்ததும் பூஜ்யம் வருகிறது, கையில் பில் வருகிறது. ஏதோ சரியானது போல ஒரு திருப்தி. பட்டறைப் பள்ளத்தில் இறங்கி ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்ப்பதில் ஒளிரும் எண் எதுவும் இல்லை. உரிமையாளர் வண்டியை ஓட்டுவதில்லை, ஓட்டுநர் பில் கட்டுவதில்லை. நடுவில் யாருக்கும் உண்மையைத் தேடும் அவசியம் வருவதில்லை.

7. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றால் எதுவரை?

தேய்ந்த கிராஸைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? கப்பைத் திறந்தால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டும். ஊசி போன்ற உருளைகளில் பாதி பொடியாகியிருக்கும். கிராஸின் பளபளப்பான கையில் அந்த ஊசிகள் பதிந்த வரிவரியான பள்ளம் விரல் நகத்துக்குத் தட்டுப்படும். இந்த நிலையில் இருக்கும் இணைப்புதான் பாரம் ஏற்றிய வண்டியின் மொத்த இழுப்பையும் தாங்குகிறது.

அது ஒரு நாள் விட்டுப்போகும். பின் முனை விட்டால் ஷாஃப்ட் ஆடி அடித்துக்கொண்டு வண்டி நிற்கும். முன் முனை விட்டால் ஷாஃப்டின் நுனி சாலையில் ஊன்றும், ஓடும் வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடும். பக்கத்தில் ஓடும் பிரேக் குழாயை அறுத்துவிட்டால் இன்னொரு ஆபத்து. வைகாசி கருட சேவை நாளில் வரதர் கோயிலைச் சுற்றித் தெரு முழுக்கத் தலையாக இருக்கும்போது பூவும் பந்தல் சாமானும் ஏற்றி வரும் வண்டியில் இது நடந்தால் யார் பொறுப்பு? விட்டுப்போகும் முன்பே செலவு தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நடுக்கம் கியர்பாக்ஸ் பின்முனை ஆயில் சீலையும் பினியன் சீலையும் தின்கிறது. ஆயில் கசிகிறது, பேரிங் காய்கிறது. நூறில் முடிந்திருக்க வேண்டியது ஆயிரங்களில் முடிகிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

முதலில் வீல் நட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது பாதுகாப்புக்காக. பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத சமமான சாலையில் வண்டியை எடுத்து, உதறல் வரும் வேகத்துக்குக் கொண்டுபோய், கிளட்சை ஒரு சில நொடி மிதியுங்கள். உதறல் தொடர்ந்தால் சக்கரத்தையும் ஷாஃப்டின் எடையையும் சந்தேகிக்கலாம். டயர் தரப்புக்கு இங்கே இடம் உண்டு, தாராளமாகப் பேலன்சிங் போடுங்கள். உதறல் உடனே நின்றால் டயருக்கு விடுதலை.

அடுத்து, அதே வேகத்தை வேறு கியரில் பிடியுங்கள். தேர்டில் 40-ல் வந்த உதறல் ஃபோர்த்திலும் 40-ல் வந்தால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கோளாறு. வேகத்தை விட்டுவிட்டு எஞ்சின் சுற்றோடு நகர்ந்தால் கோளாறு எஞ்சின் பக்கம். நின்ற இடத்திலேயே நியூட்ரலில் ரேஸ் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் உதறினால் இன்ஜெக்டர், டீசல் ஃபில்டர், மவுண்டிங் என்று போகலாம். ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை விடும் நேரத்தில் மட்டும் உதறி, முழுதாக விட்டதும் நின்றால் கிளட்ச் பிளேட்டையும் ஃப்ளைவீலையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஷாஃப்ட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. டயருக்குப் பதில் ஷாஃப்டைக் கண்மூடித்தனமாகப் பிடித்துக்கொள்வதும் அதே தப்புதான்.

கடைசியாகப் பள்ளத்துக்கு வாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகுங்கள். கிராஸில் "டிக்" என்று ஆட்டம் தெரிந்தாலே போதும், கப் ஓரத்தில் செம்பொடி தெரிந்தால் விசாரணை முடிந்தது. இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங் ரப்பரை நெம்பிப் பாருங்கள். கிழிந்திருந்தால் கிளம்பும்போது வரும் உதறலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடியுங்கள். நான்கு கப்பிலும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் மட்டும் வந்தால் நான்காவது காய்ந்துகொண்டிருக்கிறது. வாட்டர் வாஷ் கொடுத்த அன்று இதைத் தவறாமல் செய்யுங்கள்.

இத்தனைக்கும் தேவைப்படும் கருவிகள் ஒரு கிரீஸ் கன், ஒரு சாக்பீஸ், ஒரு நெம்புகோல். பெரிய மெஷின் இல்லாததால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சாக்கும் இதோடு முடிந்தது.

வண்டி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டுநர் "உதறுதுண்ணே" என்று வந்தால் பர்ஸைத் திறக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மிதிக்கும்போது மட்டுமா, எந்த வேகத்தில், காலியிலா பாரத்திலா? இதே மூன்றைக் கேட்காமல் ஜாக்கியை எடுக்கும் பட்டறைக்கு வண்டியை விடாதீர்கள்.